செவ்வாய், வெள்ளி தவிர

போன வாரம், புதிதாக வேலைக்கு வந்த செவிலியர்களான உங்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். பெயர் சொல்ல மாட்டேன். இதைப் படித்ததும் அவளே முகம் சிவப்பாள், அது போதும். "அக்கா, கருத்தடை அட்டை மாத்திரை போடுற பொண்ணு ஒண்ணு, இடையில இடையில ரத்தம் படுதுன்னு சொல்லுச்சு. முதல் மூணு மாசம் அப்படித்தான் இருக்கும், சகஜம்னு சொல்லி அனுப்பிட்டேன். சரிதானக்கா?" என்றாள். சரிதான் தாயே. பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்கள். "அந்தப் பொண்ணு மாத்திரையை எப்படிப் போடுதுன்னு கேட்டியா?" என்றேன். "எப்படின்னா... வாயிலதானக்கா?" என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்த பிறகுதான் இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. வாயில்தான் போடுகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் யார் எடுத்துக் கொடுத்து, எந்த நாளில், என்ன கணக்கில் போடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு தெருவே அந்த அட்டைக்குள் உட்கார்ந்திருக்கும்.

நான் கிராம சுகாதார செவிலியராக ராஜபாளையத்துப் பக்கமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமும் மாறி மாறி வேலை பார்த்தவள். கான்சாபுரம், சுந்தரபாண்டியம், கடைசியில் சோழபுரம். இப்போது ஓய்வு. காலையில் வெயில் முகத்தில் அடிக்கும் வரை தூங்குகிறேன், பொறாமைப்படுங்கள். ஊசி போடுவது, பிரஷர் பார்ப்பது, கம்ப்யூட்டரில் ஏற்றுவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே வரும். அதையெல்லாம் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ரத்தத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசுகிறேன்.

அட்டையில் இருபத்தொரு வெள்ளை மாத்திரை, ஏழு கருப்பு. வெள்ளையில்தான் மருந்து. கருப்பு வெறும் இரும்புச்சத்து. வெள்ளை நின்றுபோவதால், கருப்பு போடும் வாரத்தில் மாதவிலக்கு வருகிறது. இது உங்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டில் இருப்பவள் கண்ணுக்கு என்ன தெரியும்? கருப்பைப் போட்டால் வருகிறது. அப்படியானால் கருப்புதான் வரவழைக்கிறது! எங்கள் பக்கத்துப் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் துணி மடிக்கும் பெண்கள் இதைக் கண்டுபிடித்து, கருப்பு மாத்திரைகளைப் பிய்த்து ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார்கள். நாள் தள்ளிப்போன எவளுக்கும் அதிலிருந்து இரண்டு கொடுப்பார்கள். வந்துவிட்டால் மாத்திரையின் மகிமை. வராவிட்டால் பெண்ணின் உடம்பில் சூடு. நான் போய், "இது ரத்தத்துக்குத் தெம்பு குடுக்கிற இரும்பு மாத்திரை, ஒண்ணையும் வரவழைக்காது" என்று சொன்னபோது, ஊர் தெய்வத்தைக் குறை சொன்னது போல என்னைப் பார்த்தார்கள். டப்பா மறுநாளும் அங்கேயேதான் இருந்தது.

மாத்திரை ஆரம்பித்த புதிதில் ரத்தம் தன் இஷ்டத்துக்கு ஆடும். நடுவில் பொட்டுப் பொட்டாகப் படும். சிலருக்கு மாதவிலக்கே மெலிந்து, துணியில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விடும். சிலருக்கு ஒரு மாதம் எட்டியே பார்க்காது. படுகிறது என்று ஒருத்தி அழுவாள். படவில்லை, கெட்ட ரத்தம் வயிற்றுக்குள் தேங்கிவிட்டது என்று இன்னொருத்தி அழுவாள். அதிகம் வந்தாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். அந்த அட்டையின் நிலைமையும் அதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். கடுகடுப்பு. டீ ஆறிவிட்டால் அதற்கும் நம்மைத்தான் முறைப்பார். ஒரு நாள் ஒரு பெண்ணுக்கு நான் படபடவென்று பதில் சொல்லி அனுப்பியதைப் பார்த்துவிட்டு, "உனக்குப் பதில் எப்பவும் நாக்கு நுனியிலயே நிக்குது. ரத்தம்னு ஒருத்தி வாயைத் திறந்தா அதை முழுங்கு. முதல்ல கேள்வி கேளு. எம்புட்டு, எப்ப இருந்து, மாத்திரையை எப்படிப் போடுற, இதுக்கு முன்னால இந்த மாதிரி ரத்தத்தை எங்க பார்த்த. இந்த நாலும் கேட்டுட்டு அப்புறம் உன் பாண்டித்தியத்தைக் காட்டு" என்றார். முதல் மூன்றும் எனக்குப் புரிந்தது. நான்காவது எதற்கென்று புரியவில்லை. கேட்கவும் பயம். அது புரிய எனக்குச் சோழபுரத்துப் பேச்சியம்மாள் வேண்டியிருந்தது.

பேச்சியம்மாளின் மகன் கருப்பசாமி மில் வேன் ஓட்டுகிறவன். அவன் மனைவி கவிதா அந்தப் பேண்டேஜ் கம்பெனியில்தான் வேலை. கவிதாவுக்குத் தலைப்பிரசவத்தில் குழந்தை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய், பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றி, பிழைத்து வந்தாள். பெண் குழந்தை. "இன்னும் மூணு வருஷத்துக்கு அடுத்த பிள்ளைப் பேச்சே கூடாது, உடம்புல ரத்தம் தேறணும்" என்று அங்கே கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். அதனால் குழந்தைக்கு ஒரு வயது முடிந்ததும் எங்கள் டாக்டர் பார்த்து, கவிதாவுக்கு அட்டை மாத்திரை கொடுக்கச் சொன்னார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நீங்கள் நினைப்பது தெரிகிறது. மாமியார் சண்டைக்கு வந்திருப்பாள் என்றுதானே? அதுதான் இல்லை. பேச்சியம்மாளைப் போல அந்த மாத்திரைக்கு ஆதரவாளர் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. "இது போட்டா என் மருமக உசிருக்கு ஆபத்து வராதுல்ல? அப்பக் குடுங்க" என்று அட்டையை என் கையிலிருந்து அவளே வாங்கி, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் கோவிலில் திருநீறு கொடுப்பது போல ஒன்றை எடுத்து மருமகள் கையில் வைப்பாள். முழுங்கும் வரை நகர மாட்டாள். அவளைப் பார்த்துத் தெருவில் இன்னும் மூன்று பேர் என்னிடம் அட்டை வாங்கினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படி ஒரு மாமியார் ஊருக்கு ஒன்று இருந்தால் நம் வேலையே எளிது என்று கூட்டத்தில் வேறு பேசிவிட்டு வந்தேன்.

அப்போது ஊரில் பூக்குழி வந்தது. பெயரில்தான் பூ, இறங்கினால் தெரியும் அது எந்தத் தோட்டத்துப் பூ என்று. கவிதா மதுரையில் கிடந்தபோது, அவள் உயிரோடு திரும்பினால் அவளையே பூக்குழியில் இறக்குவதாகப் பேச்சியம்மாள் மாரியம்மனிடம் நேர்ந்திருந்தாள். நேர்வது ஒருவர், கால் வேவது இன்னொருவர். நம் பக்கத்தில் இது புதிதா என்ன? முதல் வருஷம் கைக்குழந்தை என்று தள்ளிப்போட்டார்கள். இந்தப் பங்குனியில் இறங்கியே ஆக வேண்டும். காப்புக் கட்டுவதற்குச் சில வாரம் முன்பே வீட்டில் செவ்வாய், வெள்ளி விரதம் ஆரம்பித்துவிட்டது.

காப்புக் கட்ட இரண்டு நாள் இருக்கையில் கருப்பசாமி போன் செய்தான். "நர்சம்மா, அம்மா ஒங்கள உடனே வரச் சொல்லுது." "என்னப்பா விஷயம்?" "அது... அம்மாவே சொல்லும். வாங்க." ஆண்பிள்ளைகள் 'அது' என்று இழுத்தால் விஷயம் இடுப்புக்குக் கீழே என்று அர்த்தம். வண்டியை எடுத்தேன்.

போய் இறங்கினால் வீட்டு வாசலில் ஒரு சின்ன மாநாடு. எதிர்வீட்டு ராஜம்மாள் தலைமை. என்னிடம் அட்டை வாங்கிய அந்த மூன்று பேரும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் பேச்சியம்மாள், கையில் மாத்திரை அட்டை. கவிதா வீட்டின் பின்வாசல் படியில் தனியாக உட்கார்ந்திருப்பது நடைவழியில் தெரிந்தது.

"வாங்க நர்சம்மா. மாத்திரை போட்டா ஒழுங்கா நாள் சொல்லி வரும்னு சொன்னீக. இங்கன நாலு நாளா அவளுக்கு ரத்தம் படுது. நாளைக் கழிச்சுக் காப்புக் கட்டணும். இது தீட்டா, இல்லையா? ஒத்த வார்த்தை சொல்லுங்க."

"தீட்டுன்னா அவ எறங்கக் கூடாது. எறங்கலைன்னா நேந்த கடன் நிக்கும்" என்று ராஜம்மாள் எடுத்துக் கொடுத்தாள்.

"தீட்டுன்னா இந்தக் கருமாந்திர மாத்திரையே வேண்டாம். வாய்க்கால்ல வீசிருதேன்" என்றாள் பேச்சியம்மாள். குடத்தோடு நின்ற மூன்று பேரும் அதையே நினைத்தார்கள் என்பது அவர்கள் கண்ணிலேயே தெரிந்தது.

நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். தீட்டு என்று சொன்னால் மாத்திரை வாய்க்காலுக்குப் போகும். கவிதா உடம்பில் இன்னும் முழுதாக ரத்தம் தேறவில்லை. மாத்திரை நின்ற மறு மாதமே பிள்ளை உண்டானால் அவள் உயிரை மறுபடியும் மதுரைச் சாலையில் வைத்துப் பார்க்க வேண்டும். தீட்டில்லை என்று சொன்னால் நான் பூசாரி வேலை பார்த்த மாதிரி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாடு பால் குறைத்தாலும் அது மாத்திரையால் வந்த சாமி குத்தம் ஆகிவிடும். இரண்டு பக்கமும் குழி. நாக்கு நுனியில் 'மூணு மாசம் அப்படித்தான் இருக்கும்' என்பது தயாராக நின்றது. டாக்டரம்மா சொன்னபடி அதை முழுங்கினேன்.

"செத்த தண்ணி குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்தேன். தண்ணீர் குடிக்கிறவளிடம் யாரும் பதில் கேட்க மாட்டார்கள். இந்த உபாயத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தர மாட்டார்கள். பிறகு பின்வாசலுக்குப் போய்க் கவிதா பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"எம்புட்டு படுது?"

"துணி நனையல நர்சம்மா. பொட்டுப் பொட்டாத்தான். வயித்து வலியும் இல்ல."

"மாத்திரையை எப்படிப் போடுற?"

"அத்தைதான் எடுத்துத் தருவாக. தெனமும் ராத்திரி. செவ்வா, வெள்ளி தவிர."

என் காதில் விழுந்தது சரிதானா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். "செவ்வாய், வெள்ளி ஏன் இல்ல?"

கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். பதில் வாசலிலிருந்து வந்தது. பேச்சியம்மாளுக்குக் காது அப்படி. "விரத நாளுல எதுக்கு நர்சம்மா மாத்திரை? அன்னைக்குத்தான் ரெண்டு பேரும் தனித்தனியாப் படுத்திருக்காகளே! அவன் வாசல்ல, இவ உள்ள. நானே நடுவுலதான் படுத்திருக்கேன்."

வாசலில் சிரிப்பு வெடித்தது. குடம் ஒன்று சாய்ந்து ராஜம்மாள் காலை நனைத்தது. கருப்பசாமி வண்டியில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போனவன், காற்றோடு எங்கோ போய்விட்டான்.

இதுதான் பேச்சியம்மாளின் கணக்கு. புருஷனும் பெண்டாட்டியும் சேராத நாளில் பிள்ளை எப்படி உண்டாகும்? அரசாங்க மாத்திரையை ஏன் வீணாக்க வேண்டும்? காப்புக் கட்டிவிட்டால் பத்து நாளும் தனிப் படுக்கைதான் என்பதால், அட்டையை மொத்தமாக அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவதாகவும் ஏற்பாடு இருந்தது. அப்படி மட்டும் செய்திருந்தால் காப்புக் கட்டிய இரண்டு மூன்று நாளிலேயே பொட்டுப் பொட்டாக அல்ல, முறையாகவே வந்திருக்கும். சிக்கனமும் பக்தியும் சேர்ந்து ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் பாருங்கள். இதில் அவளைக் குறை சொல்லவும் முடியாது. தினமும் ஒன்று என்று நாம் சொல்கிறோம். விரத நாளும் தினத்தில் சேர்த்தி என்று நம்மில் யார் சொன்னோம்?

வாசலுக்கு வந்தேன். "பேச்சியம்மா, இது மழைக்குப் பிடிக்கிற குடை இல்ல, நனையுற அன்னைக்கு மட்டும் விரிக்க. இது வீட்டுக் கூரை. மழை இல்லைன்னு செவ்வாக்கிழமை ரெண்டு ஓட்டைப் பிரிப்பீகளா?"

அவள் யோசித்தாள். "அப்ப நான் வாரத்துக்கு ரெண்டு ஓட்டைப் பிரிச்சுப்புட்டேனா?"

"பிரிச்சதாலதான் ஒழுகுது."

ராஜம்மாள் கூட்டம் மறுபடி சிரித்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். காரணம் தெரிந்தாயிற்று, சிரித்தாயிற்று, கையைக் கழுவிவிட்டுக் கிளம்பலாம். "நீங்க பயப்பட ஒண்ணுமில்ல, மாத்திரை தவறினா இப்படிப் படுறது சகஜம்தான்" என்றேன்.

பேச்சியம்மாள் முகம் அப்படியே மாறிவிட்டது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "கெளம்புங்கட்டி, அவங்கவங்க வீட்டப் பாத்துப் போங்க" என்று எல்லோரையும் விரட்டிவிட்டு, நடையில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் டாக்டரம்மாவின் நான்காவது கேள்வி எனக்கு நினைவு வந்தது.

"பேச்சியம்மா, இந்த மாதிரி ரத்தத்தை இதுக்கு முன்னால எங்க பாத்தீக?"

"எங்க பாத்தேனா? அவ பிள்ளை பெத்த அன்னைக்குப் பாத்தேன். மத்தியானம். ரத்தம் போகுதேன்னு போய்ச் சொன்னேன். சகஜம்னாக. துணி மாத்திட்டுத் திரும்பப் போய்ச் சொன்னேன். பிள்ளை பெத்தா ரத்தம் போகாதா, சகஜம்மா, போய் உக்காருங்கன்னாக. மூணாந்தடவ போயிச் சொல்லும்போது அவளுக்குப் பேச்சு இல்ல. பொறவு ஓடுனாக, வந்தாக, வேன்ல ஏத்துனாக. மதுர வரைக்கும் அவ காலைத்தான் பிடிச்சிட்டு வந்தேன் நர்சம்மா. பச்சத்தண்ணி மாதிரி இருந்துச்சு. தேச்சுத் தேச்சுப் பாக்கேன், சூடே ஏறல. தாயே, இந்தக் காலை ஒன் நெருப்புல எறக்குதேன், இதுல சூட்டக் குடுன்னு அப்பத்தான் கேட்டேன். இப்ப நாலு நாளா அவ துணியில செவப்பப் பாக்கேன். சீவில்லிபுத்தூர் மருந்துக் கடையில போய்க் கேட்டேன். அவனும் சகஜம்ங்கான். நீங்களும் சகஜம்ங்கீக."

பின்வாசலில் கவிதா அழுதுகொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. தீட்டு, கடன், வாய்க்கால் என்று அவள் ஊரைக் கூட்டியது எல்லாம் பயம். பயமாக இருக்கிறது என்று சொன்னால் சகஜம் என்று வாயை அடைத்துவிடுவார்கள். தீட்டு என்று சொன்னால் நாலு பேர் வருவார்கள், நர்சம்மாவும் வண்டியெடுத்துக்கொண்டு வருவாள். வந்தேனே!

இந்த இடத்தில் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. விளக்கம் சொல்லிப் பயனில்லை, அவள் விளக்கம் கேட்கவில்லை. "ரெண்டு பேரும் கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன். பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருஷமாக அவள் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கவிதாவுக்குச் செய்த ஒவ்வொன்றையும் பேச்சியம்மாள் பக்கத்தில் நின்று பார்க்கும்படி செய்தேன். சிறுநீர் பார்த்தோம், கர்ப்பம் இல்லை. அதைப் பார்க்காமல் மட்டும் எதையும் சொல்லிவிடாதீர்கள். மாத்திரை விட்டுப்போனவளுக்கு ரத்தம் படுகிறது என்றால் அந்தச் சந்தேகம் முதலில் தீர வேண்டும். டாக்டர் உள்ளே பரிசோதித்தார், புண்ணோ வேறு குறையோ இல்லை. ரத்தத்தில் சத்து பார்த்தோம், முழுதாகத் தேறவில்லை என்றாலும் முன்னைவிட நன்றாக ஏறியிருந்தது. "ஏறியிருக்கா? நெசமாவா?" என்று பேச்சியம்மாள் லேப் பையனை மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை அவனே எழுந்து நின்று பதில் சொன்னான்.

பிறகு அவளை மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்து, எப்போது பயப்பட வேண்டும் என்று சொன்னேன். பயப்படாதே என்று சொல்லவில்லை. "ஒரு மணி நேரத்துல ஒரு துணி முழுசா நனைஞ்சாலோ, கட்டி கட்டியாப் போனாலோ, தலை சுத்தி விழுந்தாலோ, தாங்க முடியாத வயித்து வலி வந்தாலோ, பயப்படுங்க. ஒத்தைக் கால் வீங்கி வலிச்சாலோ, நெஞ்சு வலிச்சாலோ, மூச்சுத் திணறுனாலோ, தலைவலி மண்டையப் பிளந்தாலோ, அப்பவும் பயப்படுங்க. என்னைத் தேடிட்டு நிக்க வேண்டாம், ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க. யாரு சகஜம்னு சொன்னாலும் கேக்காதீக. இதெல்லாம் இல்லாம பொட்டுப் பொட்டாப் பட்டா, மாத்திரையை விடாமக் குடுங்க. விரத நாளும் சேத்து. மூணு மாசம் தாண்டியும் நிக்கலைன்னா என்கிட்ட வாங்க."

அவள் விரலை மடக்கி மடக்கித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. ஆச்சரியமாக இல்லை? ஆறுதல் வார்த்தையில் அடங்காதவள், ஆபத்தின் அடையாளங்களைக் கேட்டு அடங்கினாள். எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதற்கு இந்தப் பக்கம் ஆள் நிம்மதியாகத் தூங்கலாம். இடையில் மாத்திரை விட்டுப்போனதால் ஏழு நாள் தள்ளியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாளைக் கழித்துக் காப்பு. அந்த வேலையை மாரியம்மனே பார்த்துக்கொள்வாள்.

ஊருக்குத் திரும்பினால், விரட்டிவிட்ட மாநாடு மறுபடி கூடியிருந்தது. ராஜம்மாள் தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டாள். "நர்சம்மா, கடேசியா அது தீட்டா, தீட்டில்லையா?"

"அதைச் சொல்ல எனக்குக் கவர்மெண்டு சம்பளம் குடுக்கல ராஜம்மா. ஆபத்தா இல்லையான்னு கேளு, ஆபத்து இல்ல. அதுக்குத்தான் சம்பளம்" என்றேன். எனக்கென்று ஒரு கருத்து உண்டு. நான் எந்த நாளும் எந்தக் கோவிலுக்கும் போகிறவள்தான். ஆனால் என் கருத்தைக் கேட்டு அங்கே யாருக்கும் ஆவது ஒன்றுமில்லை. அதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்காத ஆள் ஒருத்தி இருந்தாள். "கவிதா, நீ என்ன நினைக்கிற?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். "நான் எறங்குனாலும் சரி, எறங்காட்டாலும் சரி அத்தை. மாத்திரைய மட்டும் நிப்பாட்டச் சொல்லாதீக. எனக்கு மறுபடியும் அங்கன போய்ப் படுக்கப் பயமா இருக்கு."

பேச்சியம்மாள் முந்தானையில் முடிந்திருந்த அட்டையை எடுத்து மருமகள் கையில் வைத்தாள். "நீயே வச்சுக்கோ. தெனமும் போடு. நேந்தது என் வாயி. என் காலு போகட்டும்." ராஜம்மாள், "அவளத்தான எறக்குதேன்னு நேந்தீக, நீங்க எப்படி..." என்று ஆரம்பித்தாள். "அம்மன் ஒங்கிட்ட வந்து கணக்குக் கேட்டா என்னையக் கைகாட்டு" என்றாள் பேச்சியம்மாள். குடத்துக்காரிகள் மூவரில் ஒருத்தி என் பக்கத்தில் வந்து, "நர்சம்மா, நானும் வெள்ளிக்கிழமை போடுறதில்ல" என்று மெல்லச் சொன்னாள். மற்ற இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். இது ஒரு வீட்டுக் கூரை இல்லை, தெருவுக்கே ஓட்டைப் பிரித்து வைத்திருந்தார்கள்.

பூக்குழியன்று கோவில் பக்கத்தில் முதலுதவிக் கூடாரத்தில் எனக்கு வேலை. தீக்காயத்துக்குக் களிம்பும் பஞ்சுமாக உட்கார்ந்திருந்தேன். கவிதாவுக்கு அன்றும் லேசாகப் பட்டுக்கொண்டிருந்தது. வீட்டு வழக்கப்படி அவள் கோவில் எல்லைக்கு வெளியே, பலூன் கடைகளுக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். குழந்தை கருப்பசாமி தோளில். மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகப் பேச்சியம்மாள் வரிசையில் வந்தாள். ஐம்பது தாண்டிய உடம்பு, மூட்டுவலி வேறு. ஓடக்கூட இல்லை, நடந்தே போனாள்.

குழியைத் தாண்டி, சூடு ஆற ஊற்றி வைத்திருந்த பாலில் கால் வைத்துவிட்டு அவள் சாமி பக்கம் திரும்புவாள் என்று எல்லோரும் வழி விட்டார்கள். அவள் திரும்பவில்லை. நொண்டிக்கொண்டே நேராக வெளியே வந்தாள். "பேச்சியம்மா, காலைக் காட்டுங்க" என்று நான் கத்தியது அவள் காதில் விழவே இல்லை. பலூன் கடை வரைக்கும் போய், மஞ்சள் ஒழுகும் இரண்டு கையாலும் கவிதாவின் கன்னத்தைப் பிடித்தாள். பிறகு தோளை, கையை எல்லாம் தடவிப் பார்த்தாள்.

"யக்கா, அவ வெலகி நிக்கா, தொட்டுப்புட்டீகளே!" என்று ராஜம்மாள் அலறினாள்.

பேச்சியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உசிரோட நிக்கிறவளத் தொடாம, வேற யாரட்டி தொடச் சொல்லுத?"

பேச்சியம்மாளைக் கூடாரத்துக்குக் கொண்டுவந்து உட்காரவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மருமகளின் கையை விடாமலேதான் காலை நீட்டினாள்.